ஏரிக்கரையில் ஒரு கண்ணாடி வகுப்பறை

பொன்னேரியில் பஸ் ஏறிய பத்தாவது நிமிடத்திலேயே பழவேற்காடு எனக்குப் பிடிக்காமல் போய்விட்டது. பஸ் இன்னும் பாதி வழி கூடப் போகவில்லை. என் காலடியில் ஓர் அலுமினிய அன்னக்கூடை இருந்தது. காலிக் கூடைதான். ஆனால் காலையில் அதில் என்ன இருந்தது என்பது பஸ்ஸில் எல்லோருக்கும் தெரிந்தது. நான் கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டேன்.

பின்சீட்டில் இரண்டு பெண்கள் தெலுங்கில் பேசிச் சிரித்தார்கள். கோயம்புத்தூரில் வளர்ந்தவனுக்குத் தெலுங்கு பாதியாவது புரியும். “மூக்கைப் பொத்திக்கிட்டு வர்றார் பார், இலையில் மீன் வைத்தால் வாயையும் பொத்திக்கொள்வாரா கேளு” என்று ஒருத்தி சொன்னாள். மற்றவள் சொன்ன பதில் எனக்குப் புரியவில்லை. சிரிப்பு மட்டும் புரிந்தது. ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். சீமைக் கருவேலம், உப்புப் பூத்த தரை, மறுபடி கருவேலம். எங்கள் ஊரில் பஸ்ஸில் போனால் தூரத்தில் மலையாவது தெரியும்.

நான் கடைகளுக்கு உள்ளலங்காரம் செய்கிறவன். நகைக்கடை, பட்டுக்கடை, கண்ணாடிக்கடை. எந்த விளக்கை எந்தக் கோணத்தில் வைத்தால் சின்னத் தோடு பெரிதாகத் தெரியும் என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வேன். அந்தத் திறமையைப் பார்த்துத்தான் சென்னையில் ஓர் அறக்கட்டளை என்னைக் கூப்பிட்டது. ஏரிக்கரையில் ஒரு மீனவர் குப்பத்துப் பள்ளியில், ஒன்றாம் இரண்டாம் வகுப்புக் குழந்தைகளுக்கு ஒரு மாதிரி வகுப்பறை வரைந்து தர வேண்டும் என்றார்கள். அவர்கள் அனுப்பிய போட்டோக்களையும் அளவுகளையும் வைத்துக்கொண்டு கோயம்புத்தூரில் உட்கார்ந்தபடியே வரைந்து கொடுத்தேன். ஊரைப் போய்ப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை.

வெள்ளிக்கிழமை திறப்பு விழா. அதற்கு முன்னால் போய் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்து, நல்ல போட்டோக்கள் எடுத்து வைக்கச் சொல்லி என்னை அனுப்பினார்கள். கூடவே ஒரு காகிதமும் கொடுத்தார்கள். இரண்டாம் வகுப்பில் கீர்த்தனா என்று ஒரு பெண். புது அறையில் வைத்துக் குழந்தைகளைச் சோதித்த அறக்கட்டளைக்காரர், அவளுக்குக் கற்றல் குறைபாடு என்று எழுதியிருந்தார். அவளைச் சென்னையில் அப்படிப்பட்ட குழந்தைகளுக்கான விடுதியில் சேர்க்கப் போகிறார்கள். அம்மாவின் கையெழுத்து வேண்டும். “போற போக்குல வாங்கிட்டு வந்துடுங்க” என்றார் அறக்கட்டளையின் தலைவர். காகிதத்தைப் படிக்காமலே பைக்குள் வைத்தேன்.

செவ்வாய்க்கிழமை பழவேற்காட்டில் இறங்கி ஆட்டோ பிடித்தேன். தோணிரேவைத் தாண்டியதும் சாலை ஏரிக்குள் இறங்கிவிட்டது. நிஜமாகவே இறங்கிவிட்டது. கணுக்கால் தண்ணீருக்கு நடுவில் ஆட்டோ இருமி நின்றது. டிரைவர் பதற்றமே இல்லாமல், “இறங்கித் தள்ளு சார், ஏரி ஏறினுருக்கு, சாயங்காலம் வடிஞ்சிரும்” என்றார். சாயங்காலம் வரை ஏரிக்காகக் காத்திருக்க நான் என்ன கொக்கா? பாலிஷ் போட்ட ஷூவோடு தள்ளினேன். தெற்கே வானத்தில் காட்டுப்பள்ளித் துறைமுகத்தின் கிரேன்கள் வரிசையாக நின்றன. அவ்வளவு பெரிய கிரேன்களைக் கொண்டுவந்து நிறுத்தத் தெரிந்த உலகத்தில், ஒரு சாலையை அரை அடி உயர்த்த ஆளில்லை.

பள்ளிக்கூடத்தில் என் வகுப்பறை பூட்டிக் கிடந்தது.

கண்ணாடி வழியாகப் பார்த்தேன். தரையில் வழவழப்பான வெள்ளை டைல்ஸ். மேற்கே ஏரியைப் பார்த்து ஆளுயரக் கண்ணாடிச் சுவர். கூரையில் ஜிப்சம் நட்சத்திரங்கள். ஆறு பக்க மேசைகள், ஒவ்வொன்றையும் சுற்றி ஆறு சின்ன நாற்காலிகள். சுவரில் பெரிய டிவி. நான் வரைந்தபடியே இருந்தது. யாரும் உபயோகிக்காததால் புதிதாகவும் இருந்தது. எனக்குக் கோபம் வந்தது. இவர்களுக்கெல்லாம் எதைக் கொடுத்து என்ன பிரயோஜனம் என்று நினைத்தேன்.

குழந்தைகள் பக்கத்திலிருந்த வலைக் கொட்டகையில் இருந்தார்கள். ஆண்கள் சாயங்காலம் உட்கார்ந்து வலை சரிசெய்கிற நீளமான ஓலைக் கொட்டகை அது. நாலு பக்கமும் அரைச்சுவர். ஒரு மூலையில் வலைகள் குவிந்து கிடந்தன. மறுபாதியில் முப்பது குழந்தைகள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் நடந்தபடி பாடம் சொல்லிக்கொண்டிருந்தவர் தலைமை ஆசிரியை ஸ்டெல்லா. ஐம்பது வயதிருக்கும். என்னைத் தலையிலிருந்து ஈர ஷூ வரைக்கும் பார்த்தார்.

“நீங்கதான் ரூம் வரைஞ்சவரா?”

“ஆமாங்க டீச்சர். ரூம் எதுக்குங்க பூட்டியிருக்கு?”

“விழா அன்னிக்குத் திறப்பாங்க.”

“மூணு மாசமா பூட்டியேவா வெச்சிருக்கீங்க?”

“ரெண்டு வாரம் உள்ள உக்கார வெச்சிப் பார்த்தேன் சார். போதும்னு பூட்டிட்டேன்” என்று சொல்லிவிட்டுக் குழந்தைகள் பக்கம் திரும்பிக்கொண்டார். முகத்துக்கு நேராக ஒரு கதவைச் சாத்துவது எப்படி என்று ஸ்டெல்லா டீச்சரிடம்தான் கற்க வேண்டும்.

அன்று மதியம் பழவேற்காட்டில் ஒரு சாப்பாட்டுக் கடையில் மடவை மீன் குழம்பு கிடைத்தது. முள்ளுக்குப் பயந்து பயந்து சாப்பிட்டேன். எங்கள் ஊர்ச் சாப்பாட்டில் ஒரு நாகரிகம் உண்டு. எதுவும் தொண்டையில் குத்தாது.

புதன்கிழமை காலை, அறக்கட்டளையின் பெயரைச் சொல்லிச் சத்தம் போட்டு அறையைத் திறக்க வைத்தேன். குழந்தைகள் உள்ளே வந்தார்கள். அவர்களோடு மணலும் வந்தது. பாதி ஏரியிலும் பாதி கரையிலும் வளர்கிற குழந்தைகளின் கால்கள் எப்படியிருக்கும் என்று கோயம்புத்தூரில் நான் யோசிக்கவில்லை. மணலும் ஈரமும் சேர்ந்த அந்த டைல்ஸில் முதல் ஐந்து நிமிடத்தில் மூன்று பேர் வழுக்கி விழுந்தார்கள்.

கைக்கெட்டும்படி இருக்க வேண்டிய புத்தக அலமாரி அவர்கள் தலைக்கு மேலே இருந்தது. வரைபடத்தில் அழகாகத்தான் இருந்தது, ஏனென்றால் அந்த வரைபடத்தை என் உயரத்திலிருந்து பார்த்தவன் நான். அலமாரியின் பலகை உப்புக்காற்றில் ஊறி ரொட்டி மாதிரி உப்பியிருந்தது. ஏ.சி.யைப் போட்டால் வோல்டேஜ் போதாமல் முனகி நின்றது. ஏ.சி. அறை என்பதால் கண்ணாடியைத் திறக்க வழியே வைக்கவில்லை. ஏரியிலிருந்து வந்த வெளிச்சம் டிவியில் பட்டு, பாடத்துக்குப் பதிலாக ஜன்னலையே காட்டியது. ஆறு பக்க மேசையில் பாதிப் பேருக்கு முதுகுக்குப் பின்னால் கரும்பலகை. திரும்பிப் பார்க்கலாம் என்றால் நாற்காலிகளைத் தரையோடு ஸ்க்ரூ போட்டு முடுக்கியிருந்தது. போட்டோவில் வரிசை கலையக் கூடாது என்று அப்படிச் சொன்னவனும் நானே. ஒவ்வொரு நாற்காலியிலும் ஒரு பெயர் ஸ்டிக்கர், ஆங்கில அகரவரிசைப்படி.

சுவரில் ஓர் இக்ளூ படம். பனிக்கட்டி வீட்டுக்குள்ளிருந்து ஒரு குழந்தை எட்டிப் பார்க்கிறது. ஒரு பையன் அதைக் காட்டி, “டீச்சர், இது இன்னா, கவுத்து வெச்ச கூடையா?” என்று கேட்டான். டீச்சர் என்னைப் பார்த்தார். நான் கேமராவைத் துடைத்தேன்.

கீர்த்தனாவை அன்றுதான் கண்டுபிடித்தேன். மெலிந்த பெண், இரட்டைப் பின்னல். அவள் நாற்காலி கண்ணாடிச் சுவரைப் பார்த்து இருந்தது. டீச்சர் இடதுபுறமிருந்து கேள்வி கேட்டார். அவள் அசையவில்லை. மறுபடி கேட்டார். பக்கத்துப் பெண் இடித்ததும் திரும்பி, கண்ணைக் கொட்டிக்கொண்டு, மற்றவர்கள் முகத்தைப் பார்த்தாள். மந்தம்தான் என்று நினைத்தேன். சோதித்தவர் சரியாகத்தான் எழுதியிருக்கிறார், பாவம், நல்ல இடத்துக்குப் போகட்டும். எவ்வளவு எளிதாக எனக்கு இரக்கம் வந்தது என்பதை இப்போது நினைத்தால் கூசுகிறது.

மதியம் அதே குழந்தைகள் கொட்டகைக்குத் திரும்பினார்கள். அரைச்சுவரின் உட்பக்கம் முழுக்கக் கறுப்பு வண்ணம் பூசியிருந்தது. ஆளுக்கு இரண்டு முழம் சுவர், ஆளுக்கு ஒரு சாக்பீஸ். அவரவர் இடத்தில் எழுதினார்கள், அழித்தார்கள். டீச்சர் நடுவில் நடந்தபடி முப்பது பேர் எழுத்தையும் ஒரே சுற்றில் பார்த்துவிட்டார். உட்கார்ந்தால் சுவர் கண்ணை மறைத்தது, படகும் பறவையும் கண்ணில் படவில்லை. காற்று மட்டும் தலைக்கு மேலே வந்துபோனது. கீர்த்தனா கடைசி மூலையில், இடது தோள் சுவரில் உரச உட்கார்ந்திருந்தாள். டீச்சர் ஒரு கணக்கு சொன்னார். முதல் ஆளாகக் கை தூக்கினாள். அடுத்த கணக்குக்கும் தூக்கினாள்.

“ரூம்ல ஒண்ணும் சொல்லலையேங்க” என்றேன் டீச்சரிடம்.

“இங்க சொல்றா” என்றார். அவ்வளவுதான். எனக்கு அது திமிராகப் பட்டது. ஏதோ தற்செயல் என்று நினைத்துக்கொண்டு அறைக்குப் போய் ஸ்டிக்கர்களைத் துடைத்தேன்.

வியாழக்கிழமை கையெழுத்துக்காகப் படகேறினேன். கீர்த்தனாவின் அம்மா சாந்தி, தன் அக்காவின் பிரசவத்துக்காக எதிர்க்கரையில் இருந்தாள். அப்பா ஏழுமலை என்னைத் தன் பைபர் படகில் ஏற்றிக்கொண்டார். அன்று அவர் சங்கத்துக்குப் பாடு இல்லை, அதாவது வலை போடும் முறை வேறு ஆட்களுடையது. அதனால் ஓய்வாக இருந்தார். கரடுமுரடான ஆள். என் பக்கம் பார்க்கவே இல்லை.

பாதி ஏரியில் என்ஜின் சேற்றைக் கிளறி நின்றது. கடல் மாதிரி பரந்து கிடந்த தண்ணீரில் முழங்கால் ஆழம்கூட இல்லை. “எறங்கு சார்” என்றார் ஏழுமலை. இந்த ஊரில் எல்லோரும் என்னிடம் சொல்கிற ஒரே வார்த்தை அதுதான் போலிருக்கிறது. இறங்கினேன். சேறு காலைக் கவ்வியது. எங்கள் ஊர்க் குளத்தில் படகு ஓட்டுகிறவனுக்குக்கூட எங்கே ஆழம் என்று தெரியும், உங்களுக்குத் தெரியாதா என்று கேட்டேன்.

“போன மாசம் ஆழமா இருந்துச்சு. மொகத்துவாரம் தூந்துகினே போவுது. ஏரி இன்னா எங்களக் கேட்டுனா மாறுது?” என்று சொல்லிக்கொண்டே தள்ளினார்.

சாந்தி வாசலில் இறால் உரித்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னதும் கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். காகிதம் ஆங்கிலத்தில் இருந்தது. நான் தமிழில் சொன்னேன். நல்ல விடுதி, நல்ல கவனிப்பு, அறக்கட்டளையே எல்லாம் பார்த்துக்கொள்ளும்.

“எப்பப்ப வூட்டுக்கு வுடுவாங்கோ?”

“லீவுக்கு விடுவாங்கம்மா.”

“ரவைக்குப் பக்கத்துல யாருனா படுத்துப்பாங்களா சார்? அவ தனியாப் படுக்க மாட்டா.”

“அதெல்லாம் பாத்துக்குவாங்க” என்றேன். எனக்கு அந்த விடுதியைப் பற்றி ஒன்றும் தெரியாது.

“படிச்சவங்க சொல்றீங்க” என்று சொல்லிவிட்டு, ஒவ்வோர் எழுத்தாக, அழுத்தி, தன் பெயரை எழுதினாள். எனக்குச் சுடச்சுட இறால் தொக்கும் சோறும் போட்டாள். அவ்வளவு ருசியான இறாலை நான் சாப்பிட்டதில்லை. இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். கையெழுத்து வாங்கிய கையால்.

திரும்பும்போது ஏழுமலை ஆழமான பக்கமாகச் சுற்றி ஓட்டினார். வெகுநேரம் கழித்து, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

“அந்த ஹாஸ்டல்ல சொல்லி வெப்பீங்களா சார், வலது பக்கமா நின்னு பேசணும்னு?”

“எதுக்குங்க?”

“இடது காது கேக்காதே அவளுக்கு. மூணு வயசுல ஜொரம் வந்து சீழ் புடிச்சுது. டாக்டரு பாத்துட்டு, இந்தக் காது போச்சு, அந்தக் காது நல்லா இருக்கு, அந்தப் பக்கமாப் பேசுங்கன்னாரு. நாங்க அப்படித்தான் பேசறோம். கரையில வலது பக்கம் நின்னு மெதுவாக் கூப்டாக்கூட ‘இன்னா நைனா’ன்னு வருவா.”

என்ஜின் சத்தத்தில் நான் தவறாகக் கேட்டுவிட்டேனோ என்று மறுபடி கேட்டேன். மறுபடியும் அதையே சொன்னார்.

“சோதிக்க வந்தவருகிட்ட இதைச் சொல்லலீங்களா?”

“டீச்சர் சொன்னாங்களே. அவரு டேபிள்ல இடது பக்கம் குந்திகினு ஒவ்வொண்ணாக் கேட்டாரு. சேர் ஆடாது, அவ இன்னா பண்ணுவா?”

சேர் ஆடாது. ஸ்க்ரூ போட்டு முடுக்கச் சொன்னவன் அந்தப் படகிலேயே, அவர் எதிரில், அவர் மனைவி சமைத்த சோற்றை வயிற்றில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அதை அவரிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

கரையில் இறங்கி நேராகப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். அறைக்குள் நின்று ஒரு தடவை கை தட்டினேன். சத்தம் டைல்ஸிலிருந்து கண்ணாடிக்கும், கண்ணாடியிலிருந்து கூரைக்கும் போய்த் திரும்பித் திரும்பி வந்தது. நகைக்கடையில் வளையலைத் தட்டில் போட்டால் கணீரென்று கேட்க வேண்டும் என்பதற்காக நான் கற்றுக்கொண்ட வித்தை அது. முப்பது குழந்தைகள் ஒரே நேரத்தில் வாய் திறந்தால் இரண்டு காதும் கேட்கிறவர்களுக்கே ஒன்றும் விளங்காது. ஒற்றைக் காது என்ன செய்யும்? கொட்டகைக்குப் போய்த் தட்டினேன். சத்தம் ஓலையிலும் வலைக் குவியலிலும் புகுந்து அடங்கிவிட்டது.

ஸ்டெல்லா டீச்சர் வருகைப் பதிவேட்டை மூடிவிட்டுக் கிளம்பிக்கொண்டிருந்தார். “கீர்த்தனா காது விஷயத்தை ரூம் கட்டறப்பவே எங்ககிட்ட எதுக்குங்க சொல்லலை?” என்று கேட்டேன். குரலில் இன்னும் அதிகாரம் இருந்தது.

அவர் கைப்பையிலிருந்து போனை எடுத்து, தேடி, என் முன்னால் நீட்டினார். வகுப்பறை கட்டும்போது அறக்கட்டளை தொடங்கிய வாட்ஸப் குழு. ‘ஒரு பெண் குழந்தைக்கு இடது காது கேட்காது. நாற்காலிகளைத் தரையோடு முடுக்க வேண்டாம். தரை எதிரொலிக்கிறது, பாய் போட்டால் நல்லது. ஜன்னல் திறக்கும்படி வேண்டும்.’ டீச்சர் அனுப்பிய செய்தி. கீழே ஒரே ஒரு பதில். மஞ்சள் நிறக் கட்டைவிரல். பக்கத்தில் என் பெயர்.

“படிச்சீங்களா சார் அப்போ?” என்று கேட்டார்.

இல்லை என்று சொல்வதா, ஆமாம் என்று சொல்வதா, இரண்டில் எது கேவலம் என்று தெரியாமல் நின்றேன். டீச்சர் போனைப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

தலைவருக்குப் போன் செய்தேன். “கையெழுத்து வாங்கியாச்சா?” என்றார். வாங்கிவிட்டேன், ஆனால் என்று ஆரம்பித்தேன். “ஆனால் எல்லாம் விழா முடிஞ்சு பேசிக்கலாம். நாளைக்கு மேடையில அந்தப் பாப்பாவ விடுதிக்கு அனுப்பறதா அறிவிக்கிறோம், பத்திரிகைக்காரங்க வர்றாங்க” என்று சொல்லி வைத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை மூன்று கார்கள் வந்தன. ஜெனரேட்டர் வந்தது, அதனால் ஏ.சி. ஓடியது. தலைவர் வெள்ளை வேட்டியில், வாசலில் செருப்பைக் கழற்றாமல் ரிப்பன் வெட்டினார். குழந்தைகளை மட்டும் கால் கழுவ வைத்து, துடைத்து, உள்ளே அனுப்பினார்கள். ஊர்க்காரர்கள் சுவரோரமாக நின்றார்கள். ஏழுமலை காலையிலேயே போய் சாந்தியை அழைத்து வந்திருந்தார்.

பெரியவர்கள் உட்கார அந்த அறையில் ஒரு நாற்காலிகூட நான் வரைந்திருக்கவில்லை. பிளாஸ்டிக் நாற்காலிகள் தலைவர் கூட்டத்துக்கே போதவில்லை. ஸ்டெல்லா டீச்சர் என்னிடம் வந்தார்.

“கீர்த்தனா என் பக்கத்துல நிக்கட்டும். நீங்க அவ இடத்துல குந்துங்க சார்.”

முழங்கால் முகவாயை இடிக்க, அந்தக் குட்டி நாற்காலியில் என்னைச் சொருகிக்கொண்டேன். எதிரே கண்ணாடி. ஏரியின் வெளிச்சம் முகத்தில் அறைந்தது. முதுகுக்குப் பின்னால் மைக்கில் தலைவர் பேச ஆரம்பித்தார். மைக் சத்தம், அதன் எதிரொலி, ஏ.சி.யின் உறுமல், வெளியே ஜெனரேட்டர், குழந்தைகளின் கசகசப்பு. எல்லாம் ஒன்றாகக் கரைந்து காதில் விழுந்தன. ‘குழந்தைகள்’ என்று ஒரு வார்த்தை புரிந்தது. ‘எதிர்காலம்’ என்று ஒன்று. மற்றவர்கள் கை தட்டும்போது நானும் தட்டினேன். சிரிக்கும்போது சிரித்தேன். பத்து நிமிடத்தில் தலை வலித்தது. அப்புறம் கவனிப்பதையே விட்டுவிட்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் என்னை முழங்கையால் இடித்தாள்.

எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்துப் பெண்ணின் முகத்தைப் பார்த்தேன், என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள. புதன்கிழமை கீர்த்தனா பார்த்தது போலவே பார்த்தேன்.

தலைவர் மைக்கில் மறுபடி ஏதோ கேட்டார்.

“கேக்கலைங்க” என்றேன்.

சிரிப்பு எழுந்தது. நான் எழுந்து நின்றேன். “நிஜமாவே கேக்கலைங்க. இந்த ரூமை வரைஞ்சவன் நான். இங்க உக்காந்து ஒரு வார்த்தை எனக்குப் புரியலை. எனக்கு ரெண்டு காதும் நல்லாத்தான் இருக்கு. அந்தப் பாப்பாவுக்கு ஒரு காதுதான். அவளுக்கு ஒரு குறையும் இல்லீங்க. கொட்டகையில அவதான் முதல்ல கணக்கு சொல்றா. இந்த நாற்காலியில வெச்சு அவளைச் சோதிச்சது தப்பு. நாற்காலியை இப்படி முடுக்கி வெச்சது என் தப்பு. டீச்சர் முன்னாடியே எழுதியிருந்தாங்க. நான் கட்டைவிரல் காமிச்சேன்.”

தலைவர் புன்னகை மாறாமல் மைக்கை மூடிக்கொண்டு, “உக்காருங்க, அப்புறம் பேசலாம், அந்தப் பேப்பரைக் குடுங்க” என்றார். அது மட்டும் நன்றாகக் கேட்டது.

பையிலிருந்து காகிதத்தை எடுத்தேன். தலைவர் கை நீட்டினார். நான் அவரைத் தாண்டிப் போய்ச் சாந்தியிடம் கொடுத்தேன்.

நன்றி சொல்வாள் என்று எங்கோ ஒரு மூலையில் எதிர்பார்த்திருப்பேன் போல. அவள் காகிதத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“நேத்து இதே கையாலதான வாங்கினு போனீங்க?” என்றாள். “இவுரு படகுல வர்றப்போ சொல்லலைன்னா? என் பொண்ண இட்டுனு போயிருப்பீங்க இல்ல?”

“ஆமாங்கம்மா” என்றேன்.

அவள் காகிதத்தை நாலாகக் கிழித்து முந்தானையில் முடிந்துகொண்டாள். கீழே போட அவளுக்கு மனம் வரவில்லை, அதில் அவள் பெயர் இருந்தது. பிறகு கீர்த்தனாவைக் கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போனாள். ஊர்க்காரர்கள் ஒவ்வொருவராகப் பின்னால் போனார்கள். தலைவர் மீதிப் பேச்சைத் தன்னோடு வந்தவர்களுக்கே பேசி முடித்தார். பத்திரிகைக்காரர் ஒருவர் இக்ளூ படத்துக்குக் கீழே குழந்தைகளை நிறுத்திப் படம் எடுத்தார். காரில் ஏறும்போது தலைவர் என்னிடம், “நீங்க கடைகளோட நிறுத்திக்குங்க” என்றார். நான்கு நாட்களில் யாரும் சொல்லாத நல்ல யோசனை அது. என்னைக் காரில் ஏறச் சொல்லவில்லை.

சனிக்கிழமை காலை, பழவேற்காட்டுக் கடையில் ஒரு ஸ்க்ரூ டிரைவரும் ஸ்பேனரும் வாங்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனேன். ஸ்டெல்லா டீச்சர் லீவு நாளிலும் வந்திருந்தார்.

“இன்னும் ஊருக்குப் போவலையா?”

“நாற்காலியாவது கழட்டிட்டுப் போறேங்க.”

“கழட்டுங்க” என்றார். உதவ வரவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

மூன்றே மாதத்தில் ஸ்க்ரூக்கள் துருப்பிடித்திருந்தன. மதியத்துக்குள் பன்னிரண்டு நாற்காலிகள்தான் கழன்றன. உள்ளங்கை கொப்பளித்தது. ஏழுமலையும் இன்னும் இரண்டு பேரும் பழைய வலைகளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்கள். டீச்சர் சொல்லியிருக்க வேண்டும். ஏழுமலை என்னிடம் பேசாமலே வலைகளைக் கூரையிலிருந்து தொங்கவிட்டார், கண்ணாடிச் சுவரில் பாதியை மறைத்துக் கட்டினார். இன்னொருவர் தரையில் கோரைப்பாய் விரித்தார். என் ஜிப்சம் நட்சத்திரங்கள் வலைக்குள் மாட்டிக்கொண்ட மாதிரி தெரிந்தன. நகைக்கடைக்காரர்கள் பார்த்தால் மயங்கி விழுவார்கள்.

“கரும்பலகையை எந்தச் சுவர்ல வைக்கலாங்க?” என்று கேட்டேன். என் பழைய வரைபடத்தை எடுத்துப் பின்பக்கம் அளவுகளை எழுத ஆரம்பித்தேன். கிழக்குச் சுவர்தான் சரி, வெளிச்சம் அப்படி விழுந்தால் எதிரொலி இப்படி வரும் என்று விளக்கிக்கொண்டே போனேன்.

டீச்சர் வாசலைப் பார்த்தார். கீர்த்தனா நின்றிருந்தாள். பின்னால் சாந்தி. உள்ளே வரவில்லை, கதவு நிலையில் சாய்ந்து நின்றாள்.

“கீர்த்தனா, நான் பேசிக்கினே இருப்பேன். எங்க நின்னா நல்லா கேக்குதுன்னு பாத்துச் சொல்லு” என்றார் டீச்சர்.

கழற்றிய நாற்காலிகளுக்கு நடுவில் அவள் நடந்தாள். டீச்சர் தெற்குச் சுவரோரம் நின்று வாய்ப்பாடு சொன்னார். கீர்த்தனா இரண்டடி வைத்து, நின்று, தலையைச் சாய்த்து, “ம்ஹூம்” என்றாள். டீச்சர் இடம் மாறினார். இவளும் மாறினாள். நான் அளவு நாடாவோடு பின்னாலேயே போய், இங்கே நின்றால் இன்ன தூரம், அந்தக் கண்ணாடியிலிருந்து இவ்வளவு என்று டீச்சரிடம் சொல்லிக்கொண்டே வந்தேன்.

கீர்த்தனா நின்றாள். வலது காதை என் பக்கம் திருப்பி, முகத்தைச் சுளித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

“நீ கம்முனு இரு மாமா. டீச்சர் பேசறது கேக்கல.”

நாடாவைச் சுருட்டிக்கொண்டு பாயில் உட்கார்ந்தேன். டீச்சர் ஏழாம் வாய்ப்பாட்டை முதலிலிருந்து தொடங்கினார்.